பழுதுப் பிரிவு, இரவுப் பணி

எட்டு வருஷமாக இந்த நகரத்தை நான்
காதால்தான் பார்த்துவருகிறேன்.
டெச்சிமான் மின் அலுவலகம், பழுதுப் பிரிவு,
செர்வா பேசுகிறேன், சொல்லுங்கள்.

யாரும் முகவரி சொல்வதில்லை.
முகவரிக்கு முன்பே வீடு வந்துவிட்ட ஊர் இது.
"நீலக் கன்டெய்னருக்குப் பின்னால்."
"புதுப் பள்ளிவாசல் தாண்டி, எரிந்த லாரிக்கு எதிரே."
"போன வருஷம் மக்காச்சோளம் நின்ற இடம்,
இப்போது நாங்கள் நிற்கிறோம்."
நோட்டில் எழுதிக்கொள்வேன்.
வரைபடத்தில் அங்கெல்லாம் வெறும் பச்சை.

மூன்று தெருவுக்கென்று இழுத்த கம்பி
முப்பது தெருவைச் சுமந்தது.
எங்கோ ஒரு கிளை உரசினால் போதும்,
பிரசவ வார்டு முதல் முடிதிருத்தும் கடை வரை
ஊரே ஒரு மூச்சு விடும்.
அடுத்த மூச்சில் என் தொலைபேசி.

டும்சோ என்போம் எங்கள் பேச்சில்.
அணை, ஏற்று:
இரண்டு வினைகளை ஒட்டவைத்து ஒரு பெயர்.
எங்கள் பிள்ளைகள் அம்மாவுக்கு அடுத்துச் சொல்லப் பழகிய சொல்.

மாவு மில் ஓஃபோரி திட்டுவான்:
"பாதி அரைத்ததை யார் கணக்கில் எழுத?"
மீன் கிடங்கு சுவைரா திட்டமாட்டாள்.
"எட்டேகால், செர்வா. என் மீனுக்கு வியர்க்கிறது" என்பாள்,
காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.
ஒருமுறை ஒரு பையன்:
"விளக்கு வரும்போது வரட்டும்,
அதுவரைக்கும் பேசிக்கொண்டிருங்கள்."
அவன் அம்மா வரும்வரை வாய்ப்பாடு சொன்னோம்.
எட்டேழில் இரண்டு பேரும் தடுமாறினோம்.

"ஆள் கிளம்பியாயிற்று" என்பேன் எல்லாரிடமும்.
இருந்தது ஒரே வண்டி.
அது எப்போதும் வேறு யாருக்கோ கிளம்பியிருக்கும்.
ஆகவே பொய்யில்லை.

பொறியாளர் அத்தங்கா ஒருநாள்
எங்கள் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தார்.
"இது நாம்."
கோட்டின் நுனியைத் தெற்கே வளைத்து
தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முட்டினார்.
"இந்தப் பக்கம் அறுந்தால் அந்தப் பக்கமாக வரும்."
அவ்வளவுதான். ஒரு கோலிக்குண்டு விளையாட்டின் வட்டம்.

அந்த வட்டத்தை மூடப் பதினான்கு மாதம்.
நாலு கிலோமீட்டர், எண்பத்தோரு கம்பம், ஒரு மாமரம்.
கம்பங்கள் சீக்கிரம் எழுந்தன.
மாமரத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்,
பதினோரு வருஷமாகப் பேசாத அண்ணன் தம்பி;
கிளை வெட்ட இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டுமாம்.
கடைசியில் கம்பத்தைத்தான் நகர்த்தினோம்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
எட்டேகால் ஆனது.
ரிசீவரை எடுத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தேன்.
இருந்தது. வைத்தேன்.
எட்டு இருபதுக்கு அடித்தது.

"செர்வா, போகவில்லை."
"தெரியும்."
"ஏதாவது கோளாறா?"

பதில் சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினேன்.
அவள் குரலுக்குப் பின்னால்
கனத்த, சீரான ஒரு முனகல்.
அவளுடைய குளிர்ப்பெட்டி.
எத்தனை ஆயிரம் அழைப்பு!
அது ஓடிக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஏப்ரல் மழையில் மேற்கே ஒரு கம்பம் சாய்ந்தது.
நாலு நிமிஷம்.
எழுதிவிட்டு, மணி என்பதைத்தான்
நிமிஷம் என்று எழுதிவிட்டேனோ என்று
மறுபடி பார்த்தேன்.

ஓஃபோரி இப்போது பகலில் அழைக்கிறான்:
"அட்டையில் போட்ட பணம் இவ்வளவு சீக்கிரம் தீருமா?"
தீரும், ஐயா. ஓடினால் தீரும்.
ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் பெண் ஒருத்தி
வேலை உண்டா என்று விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் போனாள்.
அத்தங்காவின் மேசையில் இருக்கிறது.

நேற்றிரவு ஒரு புதுக் குரல்.
எரிந்த லாரியையும் தாண்டி, ஓடையையும் தாண்டி.
வரைபடத்தைப் பார்த்தேன். பச்சை.
நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன்.
"உங்கள் வீட்டுக்கு எதிரே என்ன இருக்கிறது?"
"எதிரேயா?"
தவளைச் சத்தம் கொஞ்ச நேரம்.
"ஒன்றும் இல்லை, இன்னும்."