அளவு பதின்மூன்று

பேரணாம்பட்டில் ஆறரைக்கு ஏறினால்
குடியாத்தம், கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி,
தண்ணீரில்லாத பாலாற்றுப் பாலம்.
பத்து மணிக்கு முன்னால் சத்துவாச்சாரி கோர்ட்டில் நிற்பேன்.
பெயர் கூப்பிடுவது பன்னிரண்டரைக்கு.
'வாய்தா' என்று சொல்ல அரை நிமிடம்.
கம்பெனியில் அன்றைக்குச் சம்பளம் கிடையாது.

மனு போட்டபோது யுகனுக்குப் பத்தாம் அளவு.
எனக்குத் தேதி நிற்காது, அளவு நிற்கும்.
லண்டன் பிள்ளைகளுக்கு ஷூ மேல்பாகம் தைக்கிற கை இது.
பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று,
அதற்கப்புறம் மறுபடி ஒன்று.
ஏன் என்று சூப்பர்வைசருக்கும் தெரியாது.

வக்கீல் தஸ்லீமா சம்பளத்தைக் கேட்டார்.
பிடித்தம் போகப் பத்தாயிரத்து எண்ணூறு.
"ஒளிக்காதே."
ஒளிக்க அதில் இடமெங்கே?
"நான் சம்பாதிக்கிறேன்னு அவரை விட்டுடுவாங்களா?"
"உன்னுதையும் கணக்குல எடுப்பாங்க.
அதுக்காக அவன் அப்பா இல்லேன்னு ஆயிடாது."

பிரமாணப் பத்திரத்தில் கட்டம் கட்டமாய்
உணவு, பள்ளி, மருத்துவம், இதர.
இதர எவ்வளவு என்றார் டைப் அடிக்கிறவர்.
ஐந்நூறு என்றேன்.
குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று
லத்தேரி கேட்டில் பஸ் நின்றபோது தெரிந்தது:
நடுராத்திரி இருமலுக்கு ஆட்டோ,
தொலைத்த கலர் பென்சில்,
மறுபடி வாங்கித் தொலைத்த கலர் பென்சில்.

குழாயடியில் தசரதன் என் அண்ணனிடம் கத்தினார்.
"புள்ளைய கண்ணுல காட்டல, இன்னாத்துக்குத் துட்டு?"
அண்ணன் திருப்பிக் கத்தினான்.
"துட்டு குடுக்கல, இன்னாத்துக்குக் காட்டணும்?"
இரண்டாவது நான் வீட்டில் சொல்லிக் கொடுத்தது.
தஸ்லீமா என்னைத்தான் பார்த்தார்.
"ரெண்டும் வேற வேற மனு.
ஒண்ணு புள்ள வயிறு, ஒண்ணு புள்ள கண்ணு.
ஒண்ணை அடகு வெச்சு இன்னொண்ணை மீட்க முடியாது."
அன்று பஸ்ஸில் அண்ணனோடு பேசவில்லை.

எதிர்மனுவில், வேலையில்லை என்றிருந்தது.
கையெழுத்துப் போடும்போது விரலைப் பார்த்தேன்.
நகக்கண்ணில் நீலம்.
ராணிப்பேட்டைத் தொட்டியில் குரோமில் ஊறும் தோலின் நீலம்,
நான் தைக்கும் தோலை வெட்டினால்
ஓரத்தில் ஒரு நூல் கனம் தெரியுமே, அது.
சோப்புக்குப் போகாது.
வக்கீலின் காதில் சொன்னேன்.
அவர் கம்பெனிப் பெயரைக் கேட்டு எழுதினார்.

பன்னிரண்டாம் அளவும் விரலைக் கடித்தபோது உத்தரவு வந்தது.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு,
மனு போட்ட தேதியிலிருந்து.
நிலுவை தவணையில்.
"தவறினா வருஷம் தாண்ட விடாதே, உடனே வா" என்றார் தஸ்லீமா.
ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் பார்க்கலாம்,
அது அந்த இன்னொரு மனுவில்.

முதல் பணம் வந்த சத்தம்
தையல் மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.
சாப்பாட்டு மணியில்தான் போனைப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு, தயிர் சாதத்தை முழுசாகத் தின்றேன்.

ஞாயிறு வந்தார். கையில் அட்டைப்பெட்டி.
வெள்ளை ஷூ, குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும்.
"பத்துதானே? ஞாபகம் வெச்சிருக்கேன்" என்றார்.
சிரிப்பு வரவில்லை எனக்கு.
பத்து சரிதான்.
அவர் பெட்டியோடு வீட்டை விட்டுப் போன நாளில்.

யுகன் பின்புறத்தை மிதித்து மடக்கி
செருப்பு மாதிரி மாட்டிக்கொண்டு
வாசல் வரை நடந்து காட்டினான்.
விளக்கு எரிந்தது.
"வலிக்கல" என்றான், யாரும் கேட்காமலேயே.

உத்தரவு நகலின் ஜெராக்ஸ் ஒன்று கூடுதலாக இருந்தது.
பின்பக்கம் வெள்ளை.
அதைத் தரையில் போட்டு அவன் காலை வைத்து
பென்சிலால் சுற்றிவர வரைந்து
நாலாக மடித்துத் தசரதனிடம் கொடுத்தேன்.
"மாத்தித் தருவாங்க, பில்லு இருக்கில்ல?"

சுண்டுவிரல் பக்கம் கோடு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.
பையனுக்கு அங்கே கூச்சம்.