இடதுகால் மட்டும் வெளியே

கிரே தெருவுக்குப் பெயர் மாற்றிப் பல வருடம் ஆகிறது.
நாங்கள் இன்னும் கிரே தெரு என்றுதான் சொல்கிறோம்.
அங்கே வாவ்டா காலணிக் கடையில்
காலை எட்டு முதல் ஐந்து வரை நான்.
ஆறரைக்கு சாட்ஸ்வொர்த் சமூகக் கூடத்தில்,
முப்பத்தாறு வயதில், மறுபடி மேட்ரிக்.

√50.
இருபத்தைந்து பெருக்கல் இரண்டு என்று பிரித்து
இருபத்தைந்தை அப்படியே தூக்கி வெளியே வைத்தேன்.
சிவப்பு மையில் ஒரு கோடு.
போன வாரமும் அதே கோடு, அதே இடத்தில்.
ஐந்தும் ஐந்தும் உள்ளே இருந்தால்
ஓர் ஐந்துதான் வெளியே வரும் என்றார் குமாலோ சார்.
மற்ற ஐந்து எங்கே போகிறது என்று கேட்டேன்.
அவருக்கு டாக்சிக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் காலை நொம்வூலா
கடை வாசலில் தட்டு அடுக்குகிறாள்.
இடதுகால். இடதுகால். இடதுகால்.
ஜோடியாய் வைத்தால் ஜோடியாய்ப் போய்விடும்;
ஒற்றைச் செருப்பைத் திருடி எவன் என்ன செய்வான்?
எத்தனை வருடம் நானே அடுக்கியிருக்கிறேன்,
கண்ணில் படவில்லை.
ஜோடிக்கு ஒன்று வெளியே.
மற்றது எங்கும் போகவில்லை,
வெளியே நிற்பது அதற்கும் சேர்த்து நிற்கிறது.
நான் சிரித்த சிரிப்பில்
நொம்வூலா பயந்துபோய்க் கல்லாவைத் திரும்பிப் பார்த்தாள்.

மதியம், ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்
எழுபத்திரண்டை உடைத்தேன்:
இரண்டு, இரண்டு, இரண்டு, மூன்று, மூன்று.
இரண்டில் ஒரு ஜோடி, வெளியே ஒன்று.
மூன்றில் ஒரு ஜோடி, வெளியே ஒன்று.
வெளியே வந்தவை பெருகி ஆறு.
கூரைக்குக் கீழே மிச்சம் ஓர் இரண்டு.
அதை இனி யாராலும் சுருக்க முடியாது.

தமிழில் இதற்கு வர்க்கமூலம் என்று பெயராம்.
வர்க்கத்துக்கு மூலம் எது என்று
மேட்ரிக் தாளில் கேட்கமாட்டார்கள்.

கல்லாவுக்குக் கீழே ஓர் அட்டைப்பெட்டி உண்டு.
சுகரில் வலதுகால் போன மூட்லி அங்கிள்
ஜோடிக்கு முழுக்காசு கொடுத்து
இடதை மட்டும் பையில் போட்டுக்கொண்டார்.
வலதை நீயே வச்சிக்கோ, லோகேஷ்னி.
கறுப்பு, லேஸ் வைத்தது, ஒன்பதாம் அளவு.
இந்த ஊரில் சுகருக்குப் பஞ்சமில்லை.
பெட்டியில் இப்போது ஏழு ஒற்றைகள்.
ரூட் இரண்டும் ரூட் மூன்றும் போலப்
பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன,
நடுவில் ஒரு கூட்டல் குறி, அதற்கு மேல் ஒன்றும் ஆகாது.
ரூட் இரண்டைத் தேடி
இன்னொரு ரூட் இரண்டு பெருக்க வந்தால்
கூரை கழன்றுவிடும், முழு எண்ணாய் வெளியே நடக்கலாம்.
வருமா என்பது பாடத்தில் இல்லை.

அக்டோபரில் வந்தார் ஒருவர்,
தோங்காட்டிலிருந்து, இரண்டு ஊன்றுகோலோடு.
இடதுகால் முழங்காலோடு நின்றுபோயிருந்தது.
வலதுக்கு மட்டும் வேண்டும், விலை பாதிதானே என்றார்.
அளந்தேன். எட்டு.
பெட்டியைத் திறந்தேன். ஒன்பது.
சண்டே பேப்பரில் ஒரு பக்கம் கிழித்து
விரல் முனையில் திணித்துப் போட்டுக்கொண்டு
பெல்ட் வரிசைவரை போனார், வந்தார்.
ஏறத்தாழ சரி, என்றார்.
காசு நான் வாங்கவில்லை;
அது மூட்லி அங்கிள் எப்போதோ கட்டியது.

பதினோரு நாள் கழித்துத் தேர்வு.
மூன்றாம் கேள்வி, √72.
அதன் கீழே தடித்த எழுத்தில்:
தசமத்தில் எழுதக் கூடாது, மூலமாகவே விடவும்.
விட்டேன். ஆறு ரூட் இரண்டு.
ஓரத்தில் பென்சிலால்
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே என்று எழுதிப் பார்த்துவிட்டு
ரப்பரால் அழித்தேன்.
தாளை வெளிச்சத்தில் சாய்த்தால்
தடம் தெரியும்.