அங்க அடையாளங்கள்

ஜுபைலில் ஷட்டவுன் மாதம்.
இரவு இரண்டு மணிக்கு வெளிச்சப் பெட்டிமேல்
வெல்டிங் ஃபிலிம் வைத்துப் படிப்பது என் பிழைப்பு.
கசடு, காற்றுக்குமிழ், மயிரிழை விரிசல்.
நல்ல மூட்டைப் பார்த்து
இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை நான்.

வெஸ்லி டென்னஸிக்காரன், எங்கள் இன்ஸ்பெக்டர்.
அன்றைக்கு ஃபிலிமுக்குப் பதில்
நாலு போட்டோவை நீட்டினான்.
நாலிலும் ஹார்லன் டீட்ஸ்,
அவர்கள் ஊர் புளூகிராஸில் பெரிய கை,
செத்து இருபது வருஷம்.
நாலிலும் மாண்டலின்.
"ஒரே வாத்தியம்தான் என்று ஊரே சொல்கிறது.
நீ சொல்."

நான் பார்த்த மாண்டலினுக்கு ஐந்து தந்தி, ஒரு ஒயர்,
பக்கத்தில் தவில்.
இதற்கு எட்டு தந்தி. தோளில் நத்தைச் சுருள்,
வயிற்றில் வயலினுடைய இரண்டு துளை,
தலையில் சிப்பி பதித்த பூந்தொட்டி.
இதெல்லாம் அந்த ஜாதி மாண்டலின் எல்லாவற்றுக்கும் உண்டு,
மூக்கும் முழியும் மாதிரி.
மூக்கை வைத்து ஆளைப் பிடிக்க முடியுமா?
காயத்தைத் தேட வேண்டும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழில்
என்னையும் இப்படித்தான் எழுதினார்கள்.
வலது புருவத்தில் ஒரு தழும்பு.
கழுத்தில் ஒரு மச்சம்.
மச்சம் பொய்.
இரண்டு இருந்தால்தான் ஃபாரம் போகும் என்று
கிளார்க் அவராகவே ஒன்றை வைத்துவிட்டார்.

லென்ஸை எடுத்தேன்.
முதல் படம், இரண்டாவது, நாலாவது:
சுண்டுவிரல் தேய்த்துத் தேய்த்து
வார்னிஷ் போன இடத்தில் ஒரு வழுக்கை,
விரல்தாங்கியைக் கழற்றிய இரண்டு ஆணித்துளை.
மூன்றாவது படத்தில்
வழுக்கை இல்லை. துளை இல்லை.
பாலத்துக்குக் கீழே மரத்தின் ரேகையில்
பிசின் ஊறிய கருங்கோடு ஒன்று,
அரை விரற்கடை.

"இது வேறே," என்றேன்.

வெஸ்லி கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெளியே ஃபிளேர் எரிந்து
ஜன்னலைச் சிவப்பாக்கிக்கொண்டிருந்தது.
பிறகு போனைத் திறந்து ஐந்தாவது படத்தைக் காட்டினான்.
ஒரு சமையலறை மேஜை, அதன்மேல் ஒரு மாண்டலின்.
பாலத்துக்குக் கீழே கருங்கோடு.

அவன் அப்பாவுடையது.
ஒரு மழை ராத்திரி டீட்ஸ் இதை வாங்கி வாசித்தார் என்று
ஐம்பது வருஷமாகச் சொல்கிறார்,
பெஞ்சமின் டேவி என்கிற அந்த மனிதர்.
டயர்க் கடையில் ஒருவரும் நம்பவில்லை.
மகனும் நம்பவில்லை.

"எழுதிக் கொடு," என்றான்.
இன்னொரு குறி வேண்டும் என்றேன்.
இருந்தது. சுருளின் ஓரத்தில் ஒரு நெளிசல்,
மேஜைப் படத்தில் பளிச்சென்று.
மேடைப் படத்தில் அந்த இடத்தை
டீட்ஸின் சட்டைக் கை மூடியிருந்தது.
மணிக்கட்டைத் தாண்டித் தொங்கிய கை.
இரிடியத்தில் சுட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான்.
இரிடியத்துக்கு மரமும் காற்றும் ஒன்றுதான்,
அதிலும் இது போட்டோ.

மச்சம் வைக்கிற கை எனக்கும் உண்டு.
பேனாவும் இருந்தது. அவன் முகமும் எதிரே இருந்தது.

எழுதினேன்:
ஒன்று பொருந்துகிறது.
மற்றது சட்டைக் கைக்குள்.

அதை அப்படியே போனில் அப்பாவுக்குப் படித்தான்.
அங்கே அப்போது சாயங்காலம்.
ஸ்பீக்கரில் ஒரு இருமல், பிறகு கிழவரின் குரல்:
"கோடு போட்ட சட்டையா?
கை நீளமா இருக்குமே.
நனைஞ்சு வந்தான். அதுவும் என்னுதுதான்.
திருப்பியே தரலை."

வெஸ்லி என்னைப் பார்த்தான்.
கோட் புத்தகத்தில் சட்டைக்கு அளவு கிடையாது.
அடித்தும் எழுதவில்லை, சேர்த்தும் எழுதவில்லை.
அடுத்த ஃபிலிமை வைத்தேன்.
பதினாறு அங்குலக் குழாய், நாற்பத்தோராவது மூடு.
நல்ல மூடு.
சொன்னேன்.