மைனஸ் ஒன்று

திருத்துறைப்பூண்டி, கோட்டூர் ரோடு,
பக்கிரிசாமி லைட் சர்வீஸ்.
ஆறரைக்குப் பெண் அழைப்பு.
மணி நாலு.

தகர வளைவில் எட்டு எழுத்து:
அ ன் பு ட ன் வ ரு க.
எட்டு எழுத்துக்கு எட்டு ரிலே,
எட்டு ரிலேக்குச் சிப்பில் எட்டுக் கால்,
எட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பைட்.
அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி.

பூஜ்யமாவது பிட்டை வலது ஓரத்தில் கட்டியிருந்தேன்.
டேட்டா ஷீட்டில் படம் அப்படித்தான்.
ஒன்றை எடு, இடப்பக்கம் தள்ளு என்று எழுதினேன்.

முதலில் க எரிந்தது.
அப்புறம் ரு. அப்புறம் வ.
வாசலுக்கு வந்தவரைப்
பின்பக்கமாகக் கூப்பிட்டது வளைவு.
"என்னம்மா, வலப்பக்கத்துலேந்து படிக்குது?"
என்றார் பக்கிரிசாமி.
கடைசியாக அ வந்தது,
அதுவும் விளிம்பில் விழுந்தது,
எட்டும் இருட்டு.

பைட்டுக்கு ஒன்பதாவது இடம் கிடையாது.
கடைமடை தாண்டிக் கடலுக்குப் போன தண்ணீரை
இந்த ஊரில் யாரும் தேடுவதில்லை.
வந்துசேராததைத்தான் தேடுவோம்.

வயரை அவிழ்க்க நேரமில்லை.
எண்ணைத் திருப்பினேன்:
நூற்று இருபத்தெட்டில் தொடங்கு, வலப்பக்கம் தள்ளு.
அவசரத்தில் ஒரு சொல் விட்டுப்போயிற்று.
இந்த எண்ணுக்குக் கூட்டல் கழித்தல் குறி கிடையாது
என்று சொல்லும் சொல்.
அது இல்லாததால் சிப் அதை
மைனஸ் நூற்று இருபத்தெட்டு என்று எடுத்துக்கொண்டது.

மைனஸை வலப்பக்கம் தள்ளினால்
இடப்பக்கம் காலியான இடத்தில்
இன்னொரு ஒன்று வந்து உட்காரும்.
இந்தக் கம்பைலரின் வழக்கம் அது.
கடன்காரன் நகர்ந்தாலும் கடன்காரன்தான்.

அ எரிந்தது.
அணையவில்லை.
அன்.
அன்பு.
பக்கிரிசாமி டீ கிளாஸைக் கீழே வைத்தார்.
அன்புட.
அரை நொடிக்கு மட்டும் அதுவும் ஒரு சொல்.
அன்புடன்.
அன்புடன் வ. அன்புடன் வரு.
அன்புடன் வருக
என்று நின்றது.

திரையில் கணக்கு ஓடியிருந்தது:
மைனஸ் அறுபத்து நாலு, மைனஸ் முப்பத்திரண்டு,
பதினாறு, எட்டு, நாலு, இரண்டு.
ஒவ்வொரு எழுத்து எரியும்போதும்
கடன் பாதியாகிறது.
கடைசியில் மைனஸ் ஒன்று.
அதைத் தள்ளினாலும் மைனஸ் ஒன்று.
எங்கள் சொசைட்டி பாஸ்புக்கில்
பதினோரு வருஷமாக ஒரு வரி இப்படித்தான் நிற்கிறது,
அப்பா குறுவைக்கு வாங்கியதன் வால்.
அங்கே விளக்கு எதுவும் எரியக் காணோம்.

படித்தவளுக்குத் தப்பைத் தப்பாக விட மனசில்லை.
விட்ட சொல்லைச் சேர்த்தேன்.
இப்போது சரி.
ஒற்றை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு
ஒழுங்காக ஓடியது.
அ போய் ன், ன் போய் பு.
ஒருவராலும் படிக்க முடியவில்லை.

வாழைமரம் கட்ட வந்த கலியமூர்த்தி,
பெண்ணின் அப்பா, அண்ணாந்து பார்த்தார்.
"முன்னாடி எரிஞ்சதே நல்லாருந்துச்சு.
வந்த எழுத்து போவக்கூடாதும்மா."

சொல்லை எடுத்தேன்.
பக்கத்தில் 'பிழை அல்ல' என்று குறிப்பு எழுதினேன்.
அப்புறம் அதை அழித்தேன்.
பிழைதான்.

எட்டரைக்குக் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்தது.
சிப் எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்க,
உள்ளே போய்க்கொண்டிருந்த கூட்டம்
அன்பு என்ற இடத்தில் திரும்பிப் பார்த்தது.
பிறகு சாப்பிடப் போனது.

காலையில் வளைவைப் பிரித்தோம்.
பக்கிரிசாமி பாதிப் பணம் தந்தார்,
மீதியில் பாதி வெள்ளிக்கிழமை என்றார்.
சாக்கில் எழுத்துகளைப் போடும்போது பார்த்தேன்,
ன் இரண்டு.
எது அன்பில் இருந்தது, எது உடனில் இருந்தது என்று
குறித்துவைக்கவில்லை.
முத்துப்பேட்டைக் கல்யாணத்துக்கு
மாற்றி மாட்டினாலும்
எரியும்.