அகல் வட்டம்

இரண்டாம் எண் ஸ்கேன் வளையத்துக்குள்
மாசிலாமணியைத் தள்ளியபோது
இரவு இரண்டே கால்.
குவைத்தின் மேல் மூன்றாம் நாளாகத் தூசி.
கார் நிறுத்துமிடத்து விளக்குகள்
வெல்லப்பாகு நிறத்தில் எரிந்தன.

மூச்சை இழுங்க. பிடிங்க.
பிடிக்க முடியவில்லை அவருக்கு.
மறுபடி.
மறுபடி.

பதினோரு வருஷம்
ஃபர்வானியா, ஹவல்லி, சால்மியா என்று
ஏசிக் குழாய்களுக்குள் தலையை விட்டுத் துடைத்தவராம்.
"கருப்பா அப்பளம் மாதிரி உதிரும் மேடம்.
மூக்குல ஒரு துண்டு, அவ்வளவுதான்.
ஒரு தும்மல்கூட வந்ததில்ல."

வந்திருக்காது.
அதே பூஞ்சை வித்தை நானும்தான் இழுக்கிறேன்,
வாசலில் நிற்கும் காவலர் யூனுஸும்தான்.
நமக்குத் தெரியாமலே யாரோ அதை
உள்ளே பெருக்கித் தள்ளிவிடுகிறார்கள்.
இவருக்கு ரத்தப் புற்று.
புற்றைத் தின்னக் கொடுத்த மருந்து
பெருக்குகிறவர்களையும் தின்றுவிட்டது.
வெள்ளணு எண்ணிக்கை, அறிக்கையில்,
பூச்சியம் புள்ளி ஒன்று.

திரையில், வலது நுரையீரலின் மேல்மடலில்
வெள்ளையாய் ஓர் உருண்டை.
சுற்றிலும் மங்கலாய் ஒரு வளையம்.
படித்த பெயர் ஒன்று உண்டு அதற்கு.
வாயில் வந்தது வேறு:
நிலா கோட்டை கட்டியிருக்கு.

அகல் வட்டம் பகல் மழை என்பார்கள்.
இது ஒட்டிக் கட்டிய வட்டம்.
ரத்தம் கசிந்த விளிம்பு.

"எப்படி இருக்கு மேடம்?"
டாக்டர் சொல்வாங்க என்றேன்.
எல்லோரிடமும் சொல்வதுதான்.

அப்புறம் கேள்விப்பட்டவை:
கேம்ப் நண்பர்கள் கொண்டுவந்த ரோஜாத் தொட்டியை
வாசலிலேயே திருப்பி அனுப்பினார்களாம்,
மண் உள்ளே வரக்கூடாது.
மருந்து இறங்கும்போதெல்லாம்
சுவர் நீலமாய் அலையடிக்குமாம் அவருக்கு.
அப்போதும் மேலே இருக்கும் காற்றுத் துவாரத்தையே பார்த்துக்கொண்டு
ஃபில்டர் எப்ப மாத்துனீங்க, யார் மாத்துனாங்க என்று
நர்ஸை உலுக்குவாராம்.
பதில் தெரியாமல்
அவள் பராமரிப்புப் பிரிவுக்குப் போன் செய்தாளாம்.

மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தார்.
பாதி ஆள்.
மணிக்கட்டுப் பட்டை முழங்கை வரை ஓடியது.
அன்று நோன்பின் கடைசி மாலையோ இல்லையோ
என்று ஊரே மேற்கே பார்த்துக்கொண்டிருந்த நேரம்.
யூனுஸ் மாடிக்குப் போயிருந்தார்.

மூச்சை இழுங்க. பிடிங்க.

உருண்டைக்குள், ஓரமாய்,
நகம் வெட்டிப் போட்டதுபோல்
ஒரு கருப்புக் கீற்று. காற்று.
அணுக்கள் வீடு திரும்பிவிட்டன என்று அதற்கு அர்த்தம்.
இந்தக் கீற்று தெரிகிற நாட்களில்தான்
சிலர் திடீரென ரத்தமாய் இருமிப் போகிறார்கள்,
அதுவும் எனக்குத் தெரியும்.

படியிறங்கி வந்த யூனுஸ் கண்ணாடியைத் தட்டினார்:
பிறை தெரிந்ததா, யாராவது சொன்னார்களா?

நான் திரையை விட்டுத் திரும்பவில்லை.
உள்ளே மாசிலாமணி
இந்த முறை பிடித்திருந்தார்.
பத்து விநாடி. பன்னிரண்டு.
விடுங்க என்று சொல்ல
நான்தான் மறந்திருந்தேன்.