பெட்டிக்குள் ஒரு சீட்டு

ஓரெஸ்ட்,
எழுத்து கோணல். பொறுத்துக்கொள்.
காரணம் கடைசியில்.

திங்கள் காலை நீ வந்து திறக்கும்போது
வீடு மைனஸ் முப்பதில் நிற்கும்.
ஜன்னல் மாட்டியாயிற்று, கதவு உண்டு,
மின்கம்பம் மட்டும் ஏப்ரலில்தான் என்கிறார்கள்.
யார்க்டனிலிருந்து இருபது மைல், கோதுமைத் தாளின்மேல் பனி,
அதற்கு நடுவே கரண்ட் இல்லாத ஒன்பது அறை.
அதனால்தான் இந்த மைட்டர் ரம்பம்.

வாலில்லாத பொம்மை என்று சிரித்தாய், போன வாரம்.
அந்த வால் இல்லாததுதான் பயம்.
உன் பழைய ரம்பத்தைப் பிடுங்கிப் போட்டால்
பிளக் தரையில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும்,
செத்தது செத்ததுதான்.
இது சத்தமில்லாமல் மேசைமேல் உட்கார்ந்திருக்கும்,
வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை போல.
தெரியும்.
பல்லுக்குப் பக்கத்தில் கை போகுமுன்
பேட்டரியைக் கழற்று.
கழற்றி அடுத்த அறையில் வை.
தகடு மாற்ற, தூள் தட்ட,
சும்மா குனிந்து பார்க்கக்கூட.

பேட்டரிக்குக் குளிர் ஆகாது.
இரவு பிக்கப்பில் விட்டால் காலையில்
நான்கு விளக்கில் ஒன்று எரியும், அதுவும் வேண்டாவெறுப்பாக.
உறைந்ததைச் சார்ஜரில் செருகாதே,
உள்ளே கெடும், வெளியே காட்டாது.
நான் இரண்டையும் கோட்டுக்குள்
விலாவோடு ஒட்டிச் சுமந்தேன். இரவில் கட்டிலுக்கடியில்.
லெஸ் கேட்டான்:
அடைகாக்கிறாயா, எப்போது பொரியும்?

தெற்கு அறை மூலை தொண்ணூறு என்கிறது வரைபடம்.
சுவர் ஒப்புக்கொள்ளவில்லை: தொண்ணூற்றொன்றரை.
ரம்பத்தில் நாற்பத்துநாலே கால் வை.
முதலில் கழிவுத் துண்டில், அப்புறம் நல்ல மரத்தில்.

அலமாரிப் பக்கம் நான்கு அங்குலத் துண்டு ஒன்று வேண்டும்.
சின்னத் துண்டைக் கையில் பிடித்து வெட்டாதே.
பிடிப்பாய், எனக்குத் தெரியும்.
ஒரே ஒரு வெட்டுதானே என்பாய்.
அந்தத் ‘தானே’யில்தான் விரல் போகும்.
நீளப் பட்டையின் நுனியிலிருந்து எடு,
கிளாம்ப் நீலப் பையில் இருக்கிறது.
முழு வேகம் வந்தபின் இறக்கு.
முடிந்ததும் விசையை விட்டுக் கீழேயே பிடித்திரு,
ஒரு மூச்சு, ஒன்றரை மூச்சு, தகடு நிற்கட்டும்.
அவசரப்பட்டுத் தூக்கினால் துண்டு பறக்கும்.
சமையலறைக் கண்ணாடியில் ஒரு விரிசல் பார்ப்பாய்.
அது என்னுடையது.
வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டேன்.

சொல்லாதது ஒன்று.
காப்பு மூடியின் ஓரத்தில்
கம்பி உரசிய தடம் இருக்கும்.
நவம்பரில் பைன் பிசின் பிடித்து மூடி இறங்க மறுத்தது.
துடைக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.
நான் கம்பியால் தூக்கிக் கட்டினேன்.
அன்று முழுக்கப் பல் திறந்தே ஓடியது,
நாற்பது வெட்டோ, ஐம்பதோ.
ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகாததுதான் கெடுதல்:
மறுநாளும் கை தானாகக் கம்பியைத் தேடியது.
அதைப் பார்த்து நின்றேன். பிறகு
வெட்டியெறிந்து, பிசினைத் துடைத்து,
மூடி தானே விழும்வரை அங்கிருந்து நகரவில்லை.

தகட்டுப் போல்ட் தலைகீழ் மரை, வலப்பக்கம் திருகினால் கழலும்.
நான் கால்மணி நேரம் இடப்பக்கம் இறுக்கித் திட்டியிருக்கிறேன்.
தூள்பை பாதி நிறைந்ததுமே கொட்டு.
காப்புக் கண்ணாடி ஆவி படிந்தால் துடை, நெற்றிக்கு ஏற்றாதே.
தகடு சுழலும்போது கையுறை வேண்டாம்.
குளிரும்.
குளிரட்டும்.

இனி, எழுத்துக்குக் காரணம்.
ரம்பம் அல்ல. அது என்னைத் தொடவே இல்லை.
வெள்ளிக்கிழமை அதைப் பெட்டியில் பூட்டி,
பேட்டரியைக் கோட்டுக்குள் வைத்து,
எல்லாம் முறைப்படி முடித்துத்தான் வெளியே வந்தேன்.
மூன்றாவது படியில் பனிக்கட்டி.
வலது மணிக்கட்டு, இரண்டு இடத்தில்.

பெட்டியும் என்னோடு விழுந்தது.
முதல் வெட்டுக்குமுன் மூலைமட்டம் வைத்துப் பார்,
தகடு சரிந்திருக்கலாம்.
உப்பு வாளி கதவுக்குப் பின்னால்.

மார்லிஸ்,
இடக்கையால்