பிஸ்கட் டின் வீடு

தட்டிப் பார்த்தேன். மரமில்லை.
சீமெந்துப் பட்டைக்குக் கறுப்புப் பூசி
உத்திரமென்று நம்பவைத்திருக்கிறார்கள்
கறுவாத்தோட்டத்தில், தொண்ணூறு வருசமாய்.

மாதிரிக்கென்று மிஸிஸ் கெலார்ட்
ஒரு பிஸ்கட் டின் கொண்டுவந்து தந்தார்.
மாமனாரின் அப்பா இதைப் பார்த்துத்தான் கட்டினாராம்.
மூடியில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வீடு,
வாசலில் எலிசபெத் ராணி காலத்துக் கனவான்.
கூரை இத்தனை சரிவு
பனி வழுக்கி விழுவதற்காம்.
இங்கே வழுக்குவது மாம்பிஞ்சு.

மே மழை உரித்துப்போன குறுக்குச் சட்டம்
எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது?
டின்னில் அந்த இடம் துரு.

பேரன் வந்தான். நாளைக்குப் பள்ளியில் நாடகம், பிரபு வேசம்.
பம்பலப்பிட்டி ஜௌபர் தைத்த மடிப்புக் கழுத்துப்பட்டை
கஞ்சி குடித்து விறைத்து நிற்கிறது,
மேலே தலை
தாம்பாளத்தில் வைத்த தேங்காய்.
கையிலிருந்த மாலு பாண் வாய்க்கு எட்டவில்லை.
"அண்ணை, கொஞ்சம் ஊட்டுங்கோ."

ஏணியிலிருந்து இறங்கி ஊட்டினேன்.
அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கும்
ஆள் இருந்திருக்கும்.
வெள்ளை மடிப்பில் என் பெருவிரல்
கறுப்பாய்ப் பதிந்தது.
அவன் காணவில்லை.
நான் சொல்லவுமில்லை.

திரும்ப ஏறி
சட்டத்தை இடப்பக்கம் சாய்த்துத் தீட்டினேன்.
கை நிற்கவில்லை,
பக்கத்தில் இன்னொன்று,
எந்த டின்னிலும் இல்லாதது.

மிஸிஸ் கெலார்ட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார்.
"அசல்," என்றார், "அப்படியே அசல்."